சுடாத கை

2022 டிசம்பர் 6, செவ்வாய்க்கிழமை. தீபத் திருநாள், அலுவலகம் இல்லை. வழக்கமான நேரத்துக்கே எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். பாலைக் காய்ச்சினேன். முந்தின நாள் தண்ணீரில் ஊறப்போட்டிருந்த அகல்களைத் துடைத்து, செய்தித்தாளின் மேல் கவிழ்த்து வைத்தேன். என் வீட்டுக்காரர் விடிவதற்கு முன்பே கிரிவலத்துக்குப் போய்விட்டார். எனக்குக் கூட்டம் ஒத்துவராது. பொரி உருண்டைக்குப் பாகு வைத்து, உருண்டைகளைப் பிடித்து, டப்பாவில் அடுக்கினேன். பிறகு நாட்குறிப்பை எடுத்து எழுதினேன்: ‘வானம் தெளிவு. மலை நன்றாகத் தெரிகிறது. மாலை அக்கா வீட்டு மாடி.’

அதற்கு மேல் எழுதவில்லை. ஆனால் காலையிலிருந்து இரண்டுமுறை என் கையைக் கிள்ளிப் பார்த்திருந்தேன். மூன்று வாரமாகவே அப்படித்தான்.

அக்கா என்று நான் கூப்பிட்டவர் எனக்கு உறவில்லை. வேங்கிக்காலில் எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பம். கணவர் இறந்த பிறகு, மாடிப் பகுதியை ஆசிரமங்களுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டு மகளைப் படிக்கவைத்தார். வருகிறவர்கள் விசா முடிந்து கிளம்பும்போது பெட்டியில் அடங்காததை விட்டுவிட்டுப் போவார்கள். பாதியைக் குப்பை என்று நினைத்து விட்டுப்போவார்கள், பாதியை அழுதுகொண்டே விட்டுப்போவார்கள். அக்கா ஒன்றையும் விற்றதில்லை. போதாததற்குக் காயலாங்கடைக்கும் போவார். பழைய இரும்பு எடைபோடும் இடத்தில் தரையில் உட்கார்ந்து குவியலைக் கிளறுவார்.

முதல்முறை நான் அவர் வீட்டுக்குப் போனபோது உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“கண்ண மூடும்மா.”

“எதுக்குக்கா?”

“பேயா புடிக்கப் போவுது? மூடு.”

கையில் ஏதோ வைத்தார். கனமே இல்லை. வழவழப்பாக இருந்தது. என் உள்ளங்கைச் சூட்டை உடனே வாங்கிக்கொண்டது.

“அமுக்கு.”

“ஒடஞ்சிடும்க்கா.”

“அமுக்குன்னா அமுக்கு. இன்னா ரூல்தடி மாதிரி வெறச்சிக்கினு நிக்கற?”

அமுக்கினேன். கிண்ணத்தின் விளிம்புகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வளைந்து ஒன்றையொன்று தொடும் அளவுக்கு வந்தன. பயந்துபோய்ப் பிடியைத் தளர்த்தினேன். அது பழையபடி வட்டமானது. கண்ணைத் திறந்தபோது கறுப்பும் சிவப்புமாக ஒரு கிண்ணம், மேலே ஊசியால் கீறியதுபோல நுணுக்கமான கொடிகள். பர்மாவில் மூங்கில் சிம்பையும் குதிரை முடியையும் பின்னி, மேலே அரக்கைப் பூசிப் பூசிக் காயவைத்துச் செய்வார்களாம். அங்கிருந்து அகதியாகத் திரும்பிய ஏதோ ஒரு குடும்பத்துடையதாக இருக்கும். காயலாங்கடையில் பிளாஸ்டிக் பக்கெட்டுகளுக்கு நடுவில் கிடந்தது என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ரூல்தடி என்றே பெயர்.

அவர் வீட்டில் கண்ணாடி அலமாரி கிடையாது. எல்லாம் திறந்த பலகைகளில். நாட்டின்படியோ காலத்தின்படியோ அடுக்கியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அவர் அடுக்கியது கையின்படி. தொட்டால் குளிர்கிறவை ஒரு பலகை, சொரசொரப்பானவை ஒரு பலகை, தொட்டதும் சூடேறுகிறவை ஒரு பலகை. அதனால் பாரசீகத்து நீல ஓட்டுத்துண்டுக்குப் பக்கத்தில் ஆற்காட்டு நவாப் காலத்து ஹூக்காவின் அடிப்பாகம் இருக்கும். கரிய உலோகத்தில் வெள்ளிக் கொடி பதித்தது.

“நகத்த வச்சி இழு. வெள்ளி எங்க முடியுது, கறுப்பு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியுதா?”

“தெரியலக்கா.”

“தெரியக் கூடாது. தெரிஞ்சா செஞ்சவன் கத்துக்குட்டி.”

வேண்டாம் என்று எவ்வளவு சொன்னாலும் எல்லாவற்றையும் கையில் திணித்துவிடுவார். எனக்கு வேர்க்கும். பொருளைத் திரும்ப வைக்கும்வரை மூச்சு வராது. உடைந்துவிட்டால் என்ன செய்வது என்பதைத் தவிர வேறு நினைப்பே இருக்காது. அவருக்கு அந்தப் பயமே கிடையாது. யாரோ ஜப்பான்காரப் பெண் விட்டுப்போன தேநீர்க் கிண்ணத்தில் ரசம் குடிப்பார். அதன் ஒரு பக்கத்தில் லேசான பள்ளம் இருக்கும். “சுத்தும்போது செஞ்சவன் கட்டவெரல் இங்கதான் இருந்திருக்குது. உன் கட்டவெரல வை” என்பார். வைத்தேன். சரியாகப் பொருந்தியது. முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்துவிட்டதுபோலக் கூச்சமாக இருந்தது.

அவர் சொன்னதெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். நீலப் பூப்போட்ட சீனத் தட்டு ஒன்றை ஐந்நூறு வருஷத்துப் பழையது என்று நம்பிக்கொண்டிருந்தார். மாடியில் குடியிருந்த ஜெர்மன்காரர் ஒருவர் அடியைத் திருப்பிப் பார்த்து, நூறு வருஷம்கூட ஆகியிருக்காது என்றார். எனக்கு அக்காவைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

“அதனால இன்னா? தட்டு சின்னதாயிடுச்சா?” என்றார் அக்கா.

ஆனால் விரிசல் விஷயத்தில் மட்டும் அவர் தவறியதில்லை. பேசிக்கொண்டே விளிம்பைச் சுற்றிச் சுண்டுவிரலை ஓட்டுவார். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசலில் விரல் நிற்கும். மற்ற வீட்டுக்காரர்கள்கூடப் பீங்கானும் கண்ணாடியும் வாங்கினால் அவரிடம் கொண்டுவந்து காட்டுவார்கள்.

அந்த வருடத் தொடக்கத்தில் அவர் கோப்பையைப் பிடிக்கும் விதம் மாறியது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மற்ற விரல்களோடு சேராமல் மடங்கித் தனியாக நின்றன. எங்கள் தெருவில் எல்லோரும் அதைக் கேலி செய்தோம்.

“வெள்ளக்காரங்களுக்கு வூடு வுட்டு வுட்டு நம்ம அக்காவும் தொரசானி ஆயிட்டாங்கடி.”

அக்காவும் சிரித்தார். இன்னும் கொஞ்சம் மடக்கிக் காட்டினார். எனக்கும் அது அழகாகத்தான் தெரிந்தது. ஓவியத்தில் இருக்கும் கை மாதிரி.

தீபத்துக்கு மூன்று வாரம் முன்பு என்னைப் பாயசத்துக்குக் கூப்பிட்டார். மகளுக்கு ஆரணியில் வரன் முடிவாகியிருந்தது. தை மாதம் நிச்சயதார்த்தம். அந்தச் சந்தோஷத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த சிவப்புக் கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்தார். சிவப்பின் மேல் மானும் மரமும் வெட்டியிருக்கும். வெட்டிய இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒளி வரும். விளிம்பில் சுண்டுவிரலை ஓட்டி, “சுத்தமா இருக்குது” என்றார். சூடான பாயசத்தை ஊற்றினார். சடக்கென்று ஒரு சத்தம். கிண்ணம் இரண்டாகப் பிளந்து பாயசம் மேசையில் ஓடியது. அவர் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

“அக்கா, ரத்தம்.”

“யாருக்கு?” என்றார்.

அவருடைய சுண்டுவிரல்தான். நுனி ஆழமாகக் கிழிந்து மணிக்கட்டுவரை வழிந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். யாருடைய விரலையோ பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

நான் கட்டுப் போடும்போது ரவிக்கையின் கையை மேலே ஏற்றினேன். ஆடி மாதத்திலிருந்தே அவர் முழங்கைக்குக் கீழே வரும் ரவிக்கையாகத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். புதுப் பாணி என்று நினைத்திருந்தேன். உள்ளே முழங்கையை ஒட்டி வெளிறிய திட்டு ஒன்று இருந்தது. வறண்டு, ரோமம் இல்லாமல், ஓரம் மட்டும் சற்றுச் சிவந்து.

“தேமல்” என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டார்.

மறுநாள் நான் அலுவலகத்துக்கு ஷேர் ஆட்டோ பிடிக்கிற இடத்தில் நின்றேன். எதிரே அரசு ஆஸ்பத்திரிச் சுற்றுச்சுவர். அதில் நீல எழுத்தில், உணர்ச்சி இல்லாத தேமல் தொழுநோயாக இருக்கலாம், சீக்கிரம் காட்டினால் முழுவதும் குணமாகும், மருந்து இலவசம் என்று எழுதியிருக்கிறது. வருடக்கணக்காக அதைச் சினிமா போஸ்டரைப் படிப்பதுபோலப் படித்திருக்கிறேன். அன்றைக்குப் பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை.

என் பயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் தொட்டதையெல்லாம் நான் தொட்டிருந்தேன். அவர் குடித்த கிண்ணங்களில் குடித்திருந்தேன். பொருளைத் தொடுவதால் அது தொற்றாது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டு என்ன? குளிக்கும்போது என் கைகளை இடம் இடமாகக் கிள்ளிப் பார்த்தேன். வலித்தால் நிம்மதி. அடுத்த நிமிடம் இன்னொரு இடம்.

ஒருமுறை மட்டும் கேட்டேன். “அக்கா, அந்தத் தேமல ஒருதரம் காட்டிட்டு வந்துடலாமே?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. “தையில நிச்சயம். கல்யாணம் முடியட்டும். அதுக்கப்பறம் பாத்துக்கலாம்.”

கல்யாணத்தை வைகாசியில் வைத்திருந்தார்கள். அதற்குள் அந்த இரண்டு விரல்களோடு நிற்குமா, மீதி விரல்களுக்கும் போகுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். அந்த விரல்களைத் தவிர அவரிடம் வேறு என்ன இருந்தது?

தீபத்தன்று மாலை அவர் வீட்டு மாடிக்குப் போனேன். வருடம் தவறாமல் அன்றைக்கு மட்டும் எல்லா விளக்குகளும் மாடிக்கு வந்துவிடும். நேபாளத்துப் பித்தளை விளக்கு, கேரளத்துத் தூக்கு விளக்கு, நீலக் கண்ணாடி போட்ட பழைய மண்ணெண்ணெய் விளக்கு, பிரான்ஸ்காரர் ஒருவர் விட்டுப்போன மொராக்கோ விளக்கு. அவற்றுக்கு நடுவே நம் ஊர் அகல்கள். அந்த வருடம் ஆரணியிலிருந்து மாப்பிள்ளைப் பையனின் அப்பா அம்மாவும் வந்திருந்தார்கள். அக்காவின் மகள், சென்னையில் வேலை பார்ப்பவள், இரண்டு நாள் முன்பே வந்துவிட்டிருந்தாள். பட்டுப்புடவையில் எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் தெரு முழுவதும் “அரோகரா” என்று சத்தம் எழுந்தது. கைகூப்பிவிட்டு விளக்குகளை ஏற்றினோம். மொராக்கோ விளக்கு பித்தளைத் தகட்டில் ஆயிரம் ஓட்டை போட்டது. உள்ளே சுடர் நின்றதும் சுவரெல்லாம் நட்சத்திரமும் பூவுமாக அசைந்தது.

“ஐயய்யோ, கோயில் மாதிரி இருக்குதே!” என்றார் பையனின் அம்மா.

அக்காவுக்கு அது போதும். அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு விளக்கின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். தகட்டை எப்படி வளைப்பார்கள், உளியை எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்று. காற்று வீசியது. சுடர் அணையாமலிருக்க வலது கையை விளக்கின் மேல்பக்கம் அணைத்துப் பிடித்தார். ஏற்றி வெகுநேரம் ஆகியிருந்தது. உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கம் பித்தளை மூடியின் மேல் அழுந்தியிருந்தது. அவர் பையனின் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார்.

முதலில் எனக்கு வாடைதான் வந்தது. திரி கருகுகிறது என்று நினைத்தேன். பிறகு பார்த்தேன்.

“அக்கா, கை!”

பாய்ந்து இழுத்தேன். தோல் மூடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அக்கா பேச்சை நிறுத்தி, என்ன என்பதுபோல என்னைப் பார்த்தார்.

பையனின் அம்மா எழுந்துவிட்டார். விளக்கின் மூடியைத் தொட்டு, “அம்மாடி!” என்று விரலை உதறினார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். திரும்பி மலையைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“பாருங்க, இவ்ளோ நெருப்ப கையில வச்சிக்கினு மொகம்கூட சுளிக்கலியே! இன்னிக்கின்னு பாத்து… அண்ணாமலையார் இவங்க கையில வந்து நிக்கறாரு.”

அக்காவின் கையை வாங்கித் தன் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். அவருடைய கணவரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். “இந்த வூட்டுல பொண்ணு எடுக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும்மா” என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். பேசாதே என்று அந்தப் பார்வை சொன்னது. நான் குனிந்து காபி டம்ளர்களைப் பொறுக்கினேன்.

மகள் அவர்களைக் கார்வரை கொண்டுவிடக் கீழே போனாள். நான் குடத்துத் தண்ணீரை அவர் கைமேல் ஊற்றினேன். கொப்புளம் வெள்ளையாக எழும்பியிருந்தது.

“வலிக்குதாக்கா?”

“இல்ல.”

“கொஞ்சங்கூடவா?”

“வலிச்சா சும்மா இருப்பனா? பல்லு வலிக்கே ஊரக் கூட்டறவ நானு.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “அதான் அருள்னு சொல்லிட்டுப் போயிட்டாங்களே. இப்பப் போயி நான் நோவுன்னு சொல்லவா? கண்ணுல ஒத்திக்கினு போனா பாரு, அதே பொம்பள இந்தக் கையத் தொட்டதுக்கு வூட்டுக்குப் போயி தல முழுவுவா. என் பொண்ண எவன் கட்டுவான்?”

“அப்ப உங்களுக்குத் தெரியுமா?”

“செவுத்துல எழுதினது உனக்கு மட்டுமா எழுதினான்? ஆடியிலேர்ந்து தெனம் படிக்கறேன்.”

தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். “எனக்குப் பயமா இருக்குதுக்கா.”

“உனக்கு இன்னா பயம்?”

“உங்களத் தொட.” எப்படியோ வந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. “எனக்கும் அதேதான். புள்ள ரெண்டு நாளா பக்கத்துல படுத்துக்கம்மான்னு கூப்புடுது. எதுனா சாக்கு சொல்லிட்டு நான் ஹால்ல படுக்கறேன்.”

பொரி வைப்பதற்காக மாடிக்கு எடுத்துவந்த பர்மா அரக்குக் கிண்ணம் பக்கத்தில் இருந்தது. ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. “கண்ண மூடுங்கக்கா” என்றேன். மூடினார். அவருடைய சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மட்டும் நீட்டச் சொன்னேன். முழுதாக நீள மறுத்தன. கிண்ணத்தின் விளிம்பை அவற்றின் மேல் வைத்து அழுத்தினேன்.

அவர் காத்திருந்தார்.

“இன்னும் வைக்கலியா?”

“வச்சிட்டேன்க்கா.”

“எங்க?”

அவர் கண்ணைத் திறந்தார். விரல்களின் மேல் கிண்ணம் சாய்ந்திருப்பதைப் பார்த்தார். அவருடைய முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. கணவரைப் பற்றிப் பேசும்போதுகூட இல்லை. கிண்ணத்தை இடது கையில் வாங்கி அமுக்கினார். விளிம்பு வளைந்தது. விட்டார். மறுபடி அமுக்கினார்.

“இந்தக் கைக்கும் வந்துடுமா?”

“இப்பவே மாத்திர சாப்ட்டா நிக்குமாம்.”

“போனது திரும்புமா?”

“தெரியலக்கா. லேட்டாக்கினா திரும்பாது.”

கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. மலையில் தீபம் எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, சுவரில் அசைந்த பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலைல வா. போவலாம்.”

“வேலூர் ஆஸ்பத்திரிக்கா?”

“வேலூருக்குப் போனா ஒரு நாள் ஒளியலாம். தெனம் மாத்திரைக்கு எங்க ஒளியறது? இங்கயே போவலாம்.”

“யாராச்சும் பாத்தா?”

“பாப்பாங்க.” கிண்ணத்தைக் கீழே வைத்தார். “பொண்ணு கிட்ட இப்பவே சொல்லிடணும். படி எறங்கறதுக்குள்ள தைரியம் போயிடும். நீயும் கூட வா.”

மகள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே சொன்னார். நோயின் பெயரைச் சொல்லியே சொன்னார். அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அம்மாவின் கையை இழுத்துப்போய்க் குழாய்க்கு அடியில் பிடித்தாள்.

“அவங்களுக்கு யாருடி சொல்றது?” என்றார் அக்கா.

“நான் சொல்றேன். கட்டிக்கப் போறவ நான்தானே” என்றாள்.

மறுநாள் புதன்கிழமை. கோலம் போடவில்லை, பால் வாங்கவில்லை. நேராக அவர் வீட்டுக்குப் போனேன். மகள் ஆட்டோ கூப்பிடப் போயிருந்தாள். அக்கா புதுப்புடவை கட்டி, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைமயிர் அவிழ்ந்து முதுகில் கிடந்தது.

“ஒத்தக் கையால பின்ன வரல. சும்மா முடிஞ்சிக்கினு வரேன்” என்றார், என்னை நிமிர்ந்து பார்க்காமல்.

சீப்பு ஜன்னலில் இருந்தது. பயம் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை. அவருக்குப் பின்னால் போய் நின்று, மயிரை இரண்டு கையாலும் அள்ளி, சிக்கெடுத்து, மூன்றாகப் பிரித்துப் பின்னத் தொடங்கினேன்.